சொல்லாமல் விட்டதற்கும் இலக்கணம் உண்டு

கள்ளிக்குப்பம், அம்பத்தூர் வட்டாரத்தில் ஜப்பானிய மொழி படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வை மனத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிலருக்கு இலக்கு ஐந்தாம் நிலை, பலருக்கு நான்காம் நிலை, துணிந்தவர்களுக்கு மூன்றாம் நிலை. இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் குறிப்பிட்ட திறன் பெற்ற பணியாளர்களை அனுப்புவது பற்றி உடன்பாடு செய்துகொண்டன. முதியோர் பராமரிப்பு, வேளாண்மை, உணவுத் தயாரிப்பு போன்ற வேலைகளுக்கு அந்த வழியில் போக விரும்புகிறவர்கள் தொழில் திறன் தேர்வோடு மொழியிலும் நான்காம் நிலை அளவுக்குத் தேறியிருக்க வேண்டும். கடல் கடக்க விரும்பாதவர்களுக்கும் இந்த மொழியால் பயன் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரகடத்தில் (நமக்கு அடுத்திருக்கும் அம்பத்தூர் ஒரகடத்தைச் சொல்லவில்லை) ரெனால்ட்-நிசான் கார் ஆலை 2010இல் தொடங்கியது. அந்தப் பகுதியெங்கும் ஜப்பானிய நிறுவனங்கள் வந்திருக்கின்றன. ஆகவே நீங்கள் ஏன் படிக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எழுத்துகளையும் பெயர்ச்சொற்களையும் எப்படிப் படிக்க வேண்டும் என்றும் சொல்லப்போவதில்லை; அதில் நீங்கள் காட்டும் உழைப்புக்குக் குறைவில்லை. ஒரே ஒரு வகைச் சொற்களைப் பற்றித்தான் இந்த மடல். 'கர', 'நொதெ', 'கெதொ', 'நொனி', 'தர', 'நர', 'ஷி', 'தகர' என்று வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையில் நிற்கும் சின்னஞ்சிறு இணைப்புகள் அவை. தமிழ் எழுத்தில் அவற்றின் ஒலி முழுதாக வராது. கானா எழுத்தில் உங்களுக்கு அறிமுகமானவைதாம். அவற்றை ஆங்கிலப் பொருள் எழுதிப் படிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, தமிழின் வழியாகப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்குத் தமிழ்ப் பற்று காரணமில்லை. அந்தச் சொற்கள் செய்யும் வேலையே அப்படிப்பட்டது.

வழக்கமான குறிப்பேட்டில் இடப்பக்கம் ஜப்பானியச் சொல், வலப்பக்கம் ஆங்கிலப் பொருள். 'ட்சுகுஎ' என்றால் மேசை என்பதற்கு இந்த ஏற்பாடு போதும். எந்த மொழியில் எழுதினாலும் மேசை மேசைதான். இணைப்புச் சொற்களில் இது உடைந்துபோகிறது. 'க', 'கெதொ', 'நொனி', 'ஷிகஷி', 'தொகொரொக' எல்லாவற்றுக்கும் எதிரே 'பட்' என்றோ அதன் சாயலிலோ ஒரு சொல் விழுகிறது. 'தொ', 'ப', 'தர', 'நர' நான்கின் எதிரிலும் 'இஃப்' விழுகிறது. நான்கு சொற்களுக்கு ஒரே பொருள் என்று நம்பிய மாணவர், எங்கே எதைப் போடுவது என்ற இடத்தில் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தேர்கிறார். பிறகு அதற்கென்று விதிகள், விதிவிலக்குகள் என்று தனியாக ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார். அந்த விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. அந்த ஏன் தெரிந்தால் பட்டியலில் பாதி தேவைப்படாது.

இரண்டு செய்திகளை ஒட்டவைப்பது இணைப்புச் சொல்லின் வேலையில் சிறு பகுதிதான். பேசுகிறவர் எதை எதிர்பார்த்தார், அது நடந்ததா, நடக்காததில் அவருக்கு வருத்தமா, கேட்பவர் இனி என்ன செய்ய வேண்டும் என்பவற்றையெல்லாம் சொல்லாமலே தெரிவிப்பது பெரும்பகுதி. "மூன்று முறை சொன்னேன், அவர் சரிசெய்யவில்லை" என்பதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. "மூன்று முறை சொல்லியும் சரிசெய்யவில்லை" என்பதிலும் அதே இரண்டு செய்திகள்தாம். ஆனால் இரண்டாவதில் மனக்குறை ஏறிவிட்டது. சொன்னால் சரிசெய்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஏறிவிட்டது. ஜப்பானிய 'நொனி' செய்யும் வேலை இதுவே. மேலைநாட்டுத் தருக்கவியலாரும் இதைக் கவனித்திருக்கிறார்கள். 'ஆனால்' என்பதும் 'மற்றும்' என்பதும் ஒரு கூற்றின் உண்மை பொய்யை மாற்றுவதில்லை, முன்னது ஒரு முரணை மட்டும் குறிப்பாக உணர்த்துகிறது என்று ஜெர்மானியரான ஃப்ரேகே 1879இல் எழுதினார். மெய்யியலாளர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், சொல்லப்பட்டதற்கும் உணர்த்தப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். 'ஆகவே' போன்ற சொல் தன் வழக்கமான பொருளாலேயே ஒரு குறிப்பைச் சுமக்கிறது என்றார்.

ஃப்ரேகேயும் கிரைஸும் சொன்னதன் அடிப்படை தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஏழாவது இயல் இடையியல். பெயரும் வினையும் அல்லாமல் அவற்றோடு சேர்ந்தே இயங்கும் இடைச்சொற்களுக்கு அதில் பொருள் வகுக்கப்பட்டிருக்கிறது. 'உம்' என்ற ஒன்றுக்கு மட்டும் எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்கள். இந்தப் பட்டியலைப் பள்ளியில் ஒப்பித்து மறந்திருப்பீர்கள். இப்போது ஜப்பானிய மொழி மாணவராக அதைத் திரும்பப் பாருங்கள். எண்ணும்மை ஒன்றுதான் பொருள்களை வெறுமனே வரிசைப்படுத்துகிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை, சொல்லப்பட்ட ஒன்றைக் கொண்டு சொல்லப்படாத இன்னொன்றை உணர்த்துகின்றன. "அவனும் வந்தான்" என்றால் வேறு யாரோ முன்பே வந்திருக்கிறார்கள், அது எச்சம். 'மன்', 'தில்', ஓகாரம் ஆகியவற்றின் பொருள்களில் 'ஒழியிசை' என்று ஒன்று வருகிறது. வாக்கியம் முடிந்த பிறகும் சொல்லாமல் ஒழிந்து நிற்கும் பொருளை அந்தச் சிறு சொல் ஒலிக்கச் செய்கிறது என்பதே அதன் கருத்து. சொல்லாமல் விட்டதை இலக்கணத்துக்கு வெளியே தள்ளாமல், அதற்குப் பெயர் கொடுத்து இலக்கணத்துக்குள்ளேயே உட்காரவைத்த மரபு நம்முடையது. சேனாவரையர் போன்ற உரைகாரர்கள் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டோடு விளக்கியிருக்கிறார்கள்.

ஜப்பானியருக்கும் இப்படியொரு மரபு உண்டு என்பதை உங்கள் பாடப்புத்தகம் சொல்லியிருக்காது. இத்தகைய சிறு சொற்களை அவர்கள் 'தெனிவொஹ' என்று அழைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொதொஒரி நொரினாகா அவற்றைப் பற்றி எழுதிய நூலின் பெயரே, சொற்களாகிய மணிகளைக் கோக்கும் நூலிழை என்று பொருள்படும். அவருக்குப் பின் வந்த சுசுகி அகிரா, மற்றச் சொற்கள் பொருளைச் சுட்டுகின்றன, தெனிவொஹவோ உள்ளத்தின் குரல் என்றார். 1941இல் தொகிஎதா மொதொகி இதை விரித்து, உலகத்துப் பொருளைக் கருத்தாக்கிச் சொல்லும் சொற்கள் ஒரு வகை, பேசுகிறவரின் நிலைப்பாட்டை நேராக வெளிப்படுத்தும் சொற்கள் இன்னொரு வகை என்று இரண்டாகப் பிரித்தார். காலத்தாலும் தூரத்தாலும் ஒன்றையொன்று அறியாத இரண்டு மரபுகள் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கின்றன. ஆங்கில நிரலைப் பார்த்துப் படிப்பவர் இந்த இரண்டையும் இழக்கிறார்.

இனிச் சான்றுகளுக்கு வருகிறேன். முதலில் 'தர', 'நர' என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். "ஜப்பான் போனா ஸ்வெட்டர் வாங்கிக்கோ" என்று சொன்னால் ஸ்வெட்டரை எங்கே வாங்க வேண்டும்? அங்கே, போன பிறகு. "ஜப்பான் போறதா இருந்தா ஸ்வெட்டர் வாங்கிக்கோ" என்றால்? இங்கே, கிளம்பும் முன். ஆங்கிலத்தில் 'இஃப்' போட்டுச் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜப்பானியத்தில் முதலாவது 'இத்தர', இரண்டாவது 'இகு நர'. 'நர' இன்னொரு வேலையும் செய்கிறது. எதிரில் இருப்பவர் சொன்னதை, அல்லது அவர் மனத்தில் இருப்பதாகத் தெரிவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்படியென்றால்" என்று பேச்சைத் தொடர்கிறது. "போறதுன்னா" என்று நாம் சொல்லும்போது உள்ளே ஒரு 'என்றால்' ஒளிந்திருப்பதைப் பாருங்கள். பிறர் கூற்றை ஏற்றுப் பேசும் தன்மை அந்த 'என்'னில் இருக்கிறது. இந்த இரண்டு வரிகளைச் சொல்லிக் காட்டினால் கள்ளிக்குப்பத்து மாணவர் சில நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். ஆங்கில விளக்கத்தில் இதற்கு ஒரு பக்கம் தேவைப்படும்.

அடுத்தது, எதிர்பாராததைக் கண்டறிதல். "போய்ப் பார்த்தா, கடை மூடியிருக்கு." இதில் 'பார்த்தா' என்பது நிபந்தனை வடிவில் இருந்தாலும் நிபந்தனை இல்லை. நடந்துவிட்ட ஒன்று, அதுவும் எதிர்பார்த்ததற்கு மாறாக. ஜப்பானியர் 'இத்தெ மிதர' என்கிறார்கள். 'இத்தெ' போய், 'மி' பார், 'தர' ஆல். துண்டுக்குத் துண்டு பொருந்துகிறது; 'நான் அதை நினைக்கவில்லை' என்று உணர்த்துவதும் அப்படியே பொருந்துகிறது. "வந்திருக்கலாமே" என்ற ஆதங்கத்துக்கு ஜப்பானியத்தில் நிற்பது வாக்கிய முடிவில் வரும் 'நொனி'. நம்முடைய அந்த ஒற்றை ஏகாரம் சுமக்கும் வருத்தத்தை அவர்களுடைய இணைப்புச் சொல் சுமக்கிறது. "வந்ததென்னவோ வந்தான்" என்று நிறுத்தினால், வந்த காரியம் நடக்கவில்லை என்று எவருக்கும் புரியும். ஜப்பானியத்தில் 'குரு கொதொ வ கித கெதொ' என்று நிறுத்தினாலும் அதுவே. தொல்காப்பியர் ஓகாரத்துக்குச் சொன்ன ஒழியிசையின் இன்றைய வாரிசு இது. "மழையும் பெய்யுது, கையில காசும் இல்லை" என்று சொல்லி நிறுத்தினால் சினிமாவுக்கு வரவில்லை என்று பொருள். 'ஷி' போட்டு இரண்டு காரணங்களை அடுக்கிவிட்டு முடிவைச் சொல்லாமல் விடுவது ஜப்பானியரின் அன்றாட வழக்கு. ஒரே ஒரு காரணத்துக்குப் பின் 'ஷி' வந்தால் வேறு காரணங்களும் உண்டு, சொல்லவில்லை என்று குறிப்பு. நம் எச்ச உம்மையின் வேலை. சிறப்பும்மைக்குப் பழமொழியே போதும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். குரங்கும் மரத்திலிருந்து விழும் என்கிறார்கள் அவர்கள். விலங்குதான் வேறு, 'உம்' நிற்கும் இடத்தில் 'மொ' நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஜப்பானியம் பூடகமான மொழி, அவர்கள் நேராக எதையும் சொல்ல மாட்டார்கள், காற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கே அது வசப்படும், இதை இலக்கணமாகப் படிக்க முடியாது, அந்த நாட்டில் வாழ்ந்தால்தான் வரும் என்பார்கள். சூழலைப் புரிந்துகொள்வதை ஜப்பானியர் 'காற்றைப் படிப்பது' என்றே சொல்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நான் பேசும் குறிப்புப் பொருள் காற்றில் மிதப்பதில்லை. குறிப்பிட்ட சொல்லில் கட்டுண்டு கிடக்கிறது. அது வெறும் மனோபாவமாக இருந்தால் இலக்கணத் தடையை உண்டாக்காது. உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 'நொனி'க்குப் பின் கட்டளையோ வேண்டுகோளோ வர முடியாது. மழை பெய்கிறது என்று 'நொனி' போட்டு "போ" என்று முடித்தால் ஜப்பானியக் காதுக்கு அது வாக்கியமே இல்லை. ஏன்? நடந்துவிட்ட ஒன்றைப் பற்றிய ஏமாற்றத்தைத் தெரிவிக்கும் சொல் அது. இனி நடக்க வேண்டியதை ஏவும் வினை அதோடு ஒட்டாது. தமிழில் சோதித்துப் பாருங்கள். "மழை பெய்தும் போ" என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். "மழை பெய்தாலும் போ" என்பார். இந்த விதியை உங்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஆனாலும் உங்களிடம் இருக்கிறது. அதைத் தட்டி எழுப்பினால் போதும் என்னும்போது, 'நொனிக்குப் பின் ஏவல் வராது' என்று புதிய விதியாக எழுதி மனப்பாடம் செய்வது வீண் பாரம்.

இதில் இன்னொரு பெரிய பயன் மறைந்திருக்கிறது. தமிழும் ஜப்பானியமும் வினையில் முடியும் மொழிகள். 'ஆம்', 'இல்லை' எல்லாம் கடைசியில்தான் வரும். அதனால் முன்வாக்கியத்தின் வாலில் தொங்கும் இணைப்பு, பின்னால் வரப்போவது எந்த வகை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. "அவ்வளவு படிச்சும்..." என்று ஒருவர் தொடங்கினாலே நல்ல செய்தி வரப்போவதில்லை என்று நமக்குத் தெரிந்துவிடும். தொழிற்கூடத்தில் ஒரு ஜப்பானிய மேற்பார்வையாளர் விளக்கு எரிவதைச் சொல்லி 'தொ' என்றால், அடுத்து வருவது இயந்திரம் தானாகச் செய்யும் செயல். ஏனென்றால் 'தொ'வுக்குப் பின் கட்டளை வராது. அதே இடத்தில் 'தர' என்றால், அடுத்து வருவது நீங்கள் செய்ய வேண்டிய வேலையாக இருக்கலாம். காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வாக்கியம் முடியும்வரை காத்திருந்து, மனத்தில் ஆங்கிலமாக்கி, வரிசையைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்பவருக்கு இந்த முன்னறிவிப்பு கிடைக்கவே கிடைக்காது.

தமிழ் நம்மை ஏமாற்றாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஏமாற்றும், நிச்சயம் ஏமாற்றும். இந்த மறுப்பை நான் மற்ற எல்லாவற்றையும்விட மதிக்கிறேன். மேலே சொன்ன 'தொ', 'தர' வேறுபாட்டையே பாருங்கள். "பட்டனை அழுத்தினால் நிற்கும்", "நின்றால் கூப்பிடுங்கள்" இரண்டிலும் நமக்கு ஒரே 'ஆல்'தான். இங்கே தமிழ்க் காது உதவாது. புதிதாகத்தான் கற்க வேண்டும். அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. 'தெமொ' என்பதைப் பிரித்தால் 'தெ' வினையெச்சம், 'மொ' உம்மை. உருவத்தில் அது 'சொல்லியும்' என்பதற்கு அச்சாக நிற்கிறது. ஆனால் மழை பெய்தாலும் வாருங்கள் என்று 'தெமொ' போட்டு அழைக்கலாம். ஆக, அதன் புழக்கம் பெரும்பாலும் நம் 'சொன்னாலும்' பக்கம் சாய்கிறது. நடந்ததைக் குறைகூறும் 'சொல்லியும்' என்பதற்கு 'நொனி'யைத்தான் தேட வேண்டும். உருவ ஒற்றுமையை நம்பினால் இங்கே வழுக்கும். மூன்றாவது, "அப்பாவும் அம்மாவும் வந்தாங்க" என்பதில் நம் 'உம்' வெறும் எண்ணும்மை. அதை அப்படியே 'மொ... மொ' என்று மாற்றினால், 'அப்பாவும்கூட, அம்மாவும்கூட' என்ற அழுத்தம் வந்துவிடும். வெறும் அடுக்குக்கு ஜப்பானியத்தில் வேறு இடைச்சொல் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பொறிகள் என் வாதத்தைக் கெடுக்கவில்லை. ஆங்கில நிரலில் எங்கே தவறுகிறோம் என்றுகூடத் தெரியாது. எல்லாமே மங்கலாக இருக்கும். தமிழோடு ஒப்பிடும்போது எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று துல்லியமாகக் காட்ட முடிகிறது. விலகும் இடத்தைக் குறித்துவைத்தால் அது பாடமாகிவிடும்.

காரணம் சொல்லும் 'கர', 'நொதெ' என்ற இணை தனியாகப் பேச வேண்டியது. 'கர' பேசுகிறவர் தம் மனத்தில் அமைத்துக்கொண்ட காரணத்தைச் சொல்கிறது, 'நொதெ' காரணமும் விளைவும் தாமாகவே தொடர்ந்தவை என்பதுபோல் முன்வைக்கிறது என்று ஜப்பானிய மொழியறிஞர் நகானோ மசாரு 1952இல் எழுதினார். பின்வந்தவர்கள் அதில் பல திருத்தங்கள் சொன்னாலும், இந்தப் பிரிவு இன்றும் பேச்சின் தொடக்கப் புள்ளியாக நிற்கிறது. விளக்கு எரிகிறது, ஆகவே ஆள் உள்ளே இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறோம். விளக்கு எரிவது ஆள் இருப்பதற்குக் காரணமல்ல, நம் ஊகத்துக்குக் காரணம். இத்தகைய இடம் 'கர'வுக்கு உரியது. மழை வரும் என்று ஊகிக்கும் 'தரோ'வுக்குப் பின்னும் 'கர' இயல்பாக வரும். 'நொதெ' வருவது வழக்கமில்லை. ஃப்ரிட்ஜில் சாப்பாடு இருக்கிறது, எடுத்துச் சாப்பிடு என்பதற்கும் 'கர'தான். நாமோ அங்கே இணைப்பே போடுவதில்லை. "இருப்பதால் சாப்பிடு" என்றால் தமிழ் கோணலாகிவிடும். இந்தப் பிரிவிலிருந்துதான் மரியாதை பிறக்கிறது. வேலைக்குத் தாமதமாக வந்து ரயில் தாமதம் என்று 'கர' போட்டுச் சொன்னால், "அதான் ரயில் லேட்டுல்ல" என்று காரணத்தை எதிராளியின் முன் நிறுத்தும் தொனி ஏறக்கூடும். 'நொதெ' போட்டால் "ரயில் லேட்டானதால..." என்று தணிந்து ஒலிக்கும். 'தகர'விலும் இதே ஆபத்து இருக்கிறது. அகராதியில் அதற்கு 'ஆகவே' என்று பொருள். ஆனால் மேலாளர் ஒன்றைத் திரும்பக் கேட்கும்போது 'தகர' என்று தொடங்கினால், "அதான் சொன்னேன்ல" என்று எரிந்து விழுந்ததாகும். நம் 'அதான்' எவ்வளவு சூடான சொல் என்று நமக்குத் தெரியும். அந்தச் சூட்டோடு 'தகர'வைப் படித்தவர் அதை மேலாளரிடம் பயன்படுத்த மாட்டார்.

முதியோர் பராமரிப்புக்குப் போகிறவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். தள்ளாத பாட்டி ஒருவர், தம்மால் தனியாகச் செய்ய முடியும் என்று சொல்லி வாக்கியத்தைக் 'கர'வில் நிறுத்தினால், அவர் தம் திறமையைத் தெரிவிக்கவில்லை. "நானே பாத்துக்கறேன், விடும்மா" என்கிறார். உதவி வேண்டாம் என்ற பாதியை நீங்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒருவர் நாளை விடுப்பு வேண்டும் என்று சொல்லிக் 'கெதொ'வில் இழுத்தால் அதில் முரணே கிடையாது, "நாளைக்கு லீவு கேக்கலாம்னு..." என்று நாம் இழுப்பதுபோல், அனுமதி கொடுக்கும் வேலையை உங்களிடம் விட்டிருக்கிறார். இவற்றுக்கு எதிரே 'பிகாஸ்', 'பட்' என்று எழுதியிருப்பவர் மீதி வாக்கியம் வரும் என்று காத்துக்கொண்டு நிற்பார்.

இவ்வளவு ஒற்றுமையைச் சொன்னதும், தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று நிறுவ வருகிறேன் என்று சிலர் நினைக்கலாம். ஜப்பானிய மொழிப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919-2008) 1980ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அப்படி ஒரு கருதுகோளை முன்வைத்தார். சென்னையில் பொற்கோவும், யாழ்ப்பாணத்து அறிஞர்களான சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. கொரிய மொழியிலும் காரணம் காட்ட இரண்டு விகுதிகள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பின் கட்டளை வரும், இன்னொன்றுக்குப் பின் வராது. வினையில் முடியும் மொழிகள் இணைப்பை முன்வினையின் வாலில் கட்டுகின்றன; அந்த வாலில் பேசுகிறவரின் நோக்கு சேர்ந்துகொள்கிறது. அமைப்பு ஒத்தால் போதும், இரத்த உறவு வேண்டியதில்லை. உறவு என்ற நம்பிக்கையோடு படிப்பவர் மேலே சொன்ன பொறிகளில் விழ வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த நம்பிக்கையைச் சற்றுத் தள்ளிவைத்துப் படிப்பது நல்லது.

கடைசியாகத் தேர்வு. தேர்வுக்கு ஆங்கிலப் பொருள்தானே வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. வினாத்தாள் முழுவதும் ஜப்பானியத்தில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று அது எங்கும் கேட்பதில்லை. இலக்கணப் பகுதியில் ஒரு முழுப் பத்தியைக் கொடுத்து, இடையில் விட்ட இடங்களுக்கு உரியதைத் தேரச் சொல்கிறார்கள். அந்த இடங்களில் இணைப்புச் சொற்களும் வரும். கேட்டல் பகுதியில் ஒருவர் ஒரே ஒரு வாக்கியம் பேசுவார். மூன்று மறுமொழிகளில் பொருந்துவதை உடனே தேர வேண்டும். பேசுகிறவர் பாதியில் நிறுத்தினால் மீதியை ஊகிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பெண். பணிக்குத் தொழில்நுட்பச் சொற்கள்தானே முக்கியம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருவியின் பெயர் தெரியாவிட்டால் விரலால் சுட்டிக் காட்டலாம். 'தகர'வின் எரிச்சலையும் 'கெதொ'வின் தயக்கத்தையும் சுட்டிக் காட்ட வழியில்லை.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றமில்லை. இணைப்புச் சொற்களுக்கு மட்டும் குறிப்பேட்டில் ஆங்கில நிரலை எடுத்துவிட்டு மூன்று நிரல்கள் போடச் சொல்லுங்கள். முதலாவதில் அந்தச் சொல் வரும் வாக்கியம் பேச்சுத் தமிழில். 'எனினும்', 'ஆதலால்' என்று மேடைத் தமிழில் எழுதினால் தொனி செத்துவிடும், ஆகவே வீட்டில் பேசுகிறபடியே எழுதட்டும். இரண்டாவதில் இதற்குப் பின் கட்டளை வருமா, வராதா என்பது. மூன்றாவதில் சொல்லாமல் விட்டது என்ன, யாருக்கு என்ன மனநிலை என்பது. தமிழோடு பொருந்தாத இடங்களைச் சிவப்பு மையில் குறிக்கட்டும். பிறகு பழைய பாடங்களில் ஒரு பத்தியை எடுத்து, இணைப்புகளை எல்லாம் அழித்துவிட்டு, முதலில் தமிழிலும் அடுத்து ஜப்பானியத்திலும் நிரப்பச் சொல்லுங்கள். நான்காம் நிலை வரை வரும் இணைப்புகள் அந்தக் குறிப்பேட்டில் சில பக்கங்களுக்குமேல் போகா. டிசம்பர்த் தேர்வுக்குப் படிப்பவர்கள் மழைக்காலம் தொடங்கும் முன்பே அதை முடித்துவிடலாம்.

அன்புடன்,
கள்ளிக்குப்பத்திலிருந்து